'புலி நிச்சயம்' நோட்டீசும் பண்ணாரி சோதனைச் சாவடியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சேலம் - ஏற்காடு மலைப்பாதையில் 22 ஆண்டுகள் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். காலையில் பேப்பரைப் பிரித்தால் நடுவிலிருந்து ஏதாவது ஒரு நோட்டீஸ் விழும். பல் ஆஸ்பத்திரி, ஆடித் தள்ளுபடி, வீட்டு மனை என்று. இரண்டு மாதத்துக்கு முன் அப்படி ஒரு மஞ்சள் தாள் விழுந்தது. "முதுமலையில் ஒரே நாளில் புலி தரிசனம்! வழிகாட்டியுடன் சஃபாரி! புலி நிச்சயம்! தலைக்கு 2,400 ரூபாய், மூன்று வேளை சாப்பாடு." ஏஜென்ட் பையன் செருகிக் கொடுக்கும் தாள் அது, நாளிதழுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்பது எனக்குத் தெரியும். என் ஒன்பது வயதுப் பேரனுக்குத் தெரியாதே. பேப்பரில் வந்தால் உண்மை என்று நினைக்கிற வயது. இரண்டு வாரம் அந்தத் தாளை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தான்.

நான், என் மனைவி, மகள், பேரன் என நாலு பேருக்குப் பணம் கட்டினேன். 9,600 ரூபாய். பென்ஷன்காரனுக்கு அது சின்னத் தொகை இல்லை.

ஒரு சனிக்கிழமை விடியற்காலை 2 மணிக்குச் சேலம் ஐந்து ரோட்டில் வேன் ஏறினோம். சங்ககிரி, பவானி, சத்தியமங்கலம் வழி. ஐந்து மணிக்கெல்லாம் பண்ணாரி சோதனைச் சாவடிக்குப் போய்விட்டோம். அங்கே கதவு மூடியிருந்தது. முன்னால் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக நின்றிருந்தன. விசாரித்தால், காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள் என்றார்கள். இது நேற்றுப் போட்ட சட்டம் இல்லை. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 பிப்ரவரியிலிருந்து பண்ணாரி - திம்பம் சாலையில் இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்துக்குத் தடை உண்டு. கனரக வண்டிகளுக்குச் சாயங்காலம் 6 மணிக்கே கதவு மூடிவிடும். இந்தத் தடத்தில் வண்டி ஓட்டுகிற எவருக்கும் தெரிந்த விஷயம். நோட்டீஸ் அடித்தவருக்குத் தெரியாமல் இருந்திருக்குமா?

வேனில் இருந்தவர்கள் கொதித்துவிட்டார்கள். "ரோடு போட்டு வச்சிட்டு ராத்திரியில மூடினா என்னங்க அர்த்தம்?" என்றார் ஒருவர். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பண்ணாரியிலிருந்து ஆசனூர் தாண்டும்வரை அந்தச் சாலை போவதே சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள்தான். 2013-இல் அறிவித்தது, ஆயிரத்து நானூறு சதுர கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். புலியும் சிறுத்தையும் ரோட்டைக் கடக்கிற நேரத்தில் அடிபட்டுச் சாகக் கூடாது என்றுதான் அந்தக் கதவு. புலியைப் பார்க்கப் புறப்பட்டவர்களே புலிக்காகப் போட்ட கதவைத் திட்டிக்கொண்டு நின்றோம். என் மனைவி மட்டும் பண்ணாரி அம்மன் கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

நோட்டீசில் இருந்தது "காலை சஃபாரி". கணக்கைப் பாருங்கள். ஆறு மணிக்குக் கதவு திறந்து, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து ஏறி, ஆசனூர், சாம்ராஜ்நகர், குண்டலுப்பேட்டை, பந்திப்பூர் கடந்து, கக்கநல்லா சாவடியில் நீலகிரி இ-பாஸ் காட்டி, ஆளுக்கொரு பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பறிகொடுத்து, முதுமலையில் சஃபாரி புறப்படும் தெப்பக்காடு போய்ச் சேரும்போது மணி பத்தரை தாண்டிவிட்டது. காலைச் சவாரி முடிந்திருந்தது. "சாயங்காலம்தான் சார் புலி நல்லா வரும்" என்றார் எங்கள் 'வழிகாட்டி'. இருபத்திரண்டு வயதிருக்கும். அவருக்கும் அதுதான் முதுமலைக்கு முதல் பயணம் என்பது பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது. மூன்று மணிவரை மாயாற்றங்கரைப் பக்கம் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். அதைக் குறை சொல்ல மாட்டேன், புளிசாதம் நன்றாகவே இருந்தது.

காப்பகத்துக்குள் சஃபாரிக்கு வனத்துறை ஏற்பாடு செய்யும் வண்டியில்தான் போக வேண்டும். ஓட்டுநர் அந்தப் பக்கத்துக்காரர், முப்பது வயதுக்குள். ஏறும்போதே சொல்லிவிட்டார்: "இறங்கக் கூடாதுங்க, கத்தக் கூடாதுங்க, நான் போற ரோட்டை விட்டு வேற ரோட்டுல போகச் சொல்லக் கூடாதுங்க."

அதன் பிறகு நான் பார்த்த காட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. புள்ளிமான் கூட்டம் கூட்டமாக நின்றது. பேரன் முதலில் எண்ணிப் பார்த்தான், அப்புறம் விட்டுவிட்டான். குட்டியோடு யானைகள் உண்ணிச்செடிப் புதருக்குள் முதுகு மட்டும் தெரிய நின்றன. அந்தச் செடி எங்கிருந்தோ வந்து காடு முழுக்கப் பரவி, புல்லை முளைக்கவிடாமல் செய்து, மானுக்கும் காட்டெருமைக்கும் மேய்ச்சலைக் கெடுக்கிறது என்று ஓட்டுநர் சொன்னார். ஏற்காட்டிலும் அதே செடிதான், அதே கதைதான்.

ஒரு திருப்பத்தில் வண்டியை நிறுத்தி, இன்ஜினை அணைத்தார். மழை பெய்து காய்ந்த சேற்றில் ஒரு தடம். என் உள்ளங்கையை விரித்து வைத்தால் அதற்குள் அடங்கும்போல இருந்தது. "ஆண் புலிங்கய்யா. அகலமும் நீளமும் ஏறக்குறைய ஒண்ணா, சதுரமா இருக்கு பாருங்க. பெட்டைன்னா கொஞ்சம் நீட்டமா இருக்கும்." புலியின் வரி ஒன்றைப் போல இன்னொன்றுக்கு இருக்காதாம். நம் கைரேகை மாதிரி. ஒரே புலியின் இடது பக்கமும் வலது பக்கமும்கூட ஒன்றாக இருக்காது, அதனால்தான் பாதையின் இரண்டு பக்கமும் மரத்தில் கேமரா கட்டி எண்ணுகிறார்கள் என்றார். பேரன் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

அப்போது மரத்தின் மேலிருந்து ஒரு கறுப்பு முகக் குரங்கு இருமுவதுபோலக் குரல் கொடுத்தது. கொஞ்ச நேரத்தில் புதருக்கு அந்தப் பக்கம் மான் ஒன்று கீச்சென்று கத்தியது. மேய்ந்துகொண்டிருந்த மற்ற மான்கள் எல்லாம் தலையைத் தூக்கி ஒரே திசையைப் பார்த்தன. ஓட்டுநர் விரலை உதட்டில் வைத்தார். "இருக்குது" என்றார், அவ்வளவுதான். வண்டிக்குள் பதினெட்டுப் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எனக்கு 67 வயது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று முதுகுத்தண்டு சில்லிட்டது அன்றைக்குத்தான்.

ஐந்து நிமிஷம் இருக்கும். பின் சீட்டுக்காரர் கையைத் தட்டினார். அப்படித் தட்டினால் புலி எழுந்து வரும் என்று நினைத்தாரோ என்னவோ. குரங்குக் குரல் நின்றது. "அந்தச் சின்னப் பாதையில உள்ள விடுப்பா" என்றார். காட்டுத்தீ பரவாமல் இருக்க வெட்டி வைத்திருக்கும் பாதை அது. ஓட்டுநர் முடியாது என்றார். உடனே முன்னால் நீண்டது கை, அதில் இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாள். ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்புறம் நடந்ததுதான் என்னை இதை எழுத வைத்தது. "புலி காட்டறேன்னுதானே காசு வாங்கினீங்க? ஏமாத்துறீங்களா?" என்று நாலைந்து பேர் சேர்ந்து அந்த மனிதரைப் பிடித்துக்கொண்டார்கள். காசு வாங்கியது சேலத்தில், வாக்குக் கொடுத்ததும் சேலத்தில். பேச்சு வாங்கியது தெப்பக்காட்டில் ஒரு சம்பளக்காரர்.

எனக்கு அது புதிதில்லை. ஏற்காட்டிலிருந்து கடைசி டிரிப் இறங்கும்போது வளைவில் காட்டெருமை நிற்கும். விளக்கைத் தணித்து இன்ஜினை அணைத்துவிட்டு நிற்பேன். சில நாள் பத்து நிமிஷம், சில நாள் அரை மணி. "ஹாரன் அடிய்யா, ஊருக்குக் கடைசி டவுன் பஸ்ஸு போயிரும்" என்று பின்னாலிருந்து கத்துவார்கள். டவுன் பஸ் போய்விடும் என்பது உண்மைதான். ஆனால் ஹாரன் அடித்து அது மிரண்டு பள்ளத்தில் இறங்கினாலும், வண்டி மேலேயே பாய்ந்தாலும் பதில் சொல்ல வேண்டியவன் ஸ்டியரிங் பிடித்தவன். 'நேரத்துக்குக் கொண்டுபோய் விடுகிறோம்' என்று போர்டில் எழுதியவர் அந்த வளைவில் வந்து நிற்க மாட்டார்.

சஃபாரி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய பதினாறு மணி நேரம் வேனில். 2022 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதற்கும் 306 புலிகள் என்று நம் பேப்பர்களிலேயே வந்தது. அதுவும் பகலில் பெரும்பாலும் படுத்துக் கிடக்கும், இருட்டில் நடமாடும் பிராணி. தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளின்படி காப்பகத்தின் மையப் பகுதியில் 20 சதவீதத்துக்கு மேல் சுற்றுலாவுக்கு விடக் கூடாது. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மையப் பகுதியில் சுற்றுலாவையே மொத்தமாக நிறுத்தி வைத்து, அக்டோபரில்தான் கட்டுப்பாடுகளோடு அனுமதித்தது. இவ்வளவுக்கும் நடுவே, சாயங்காலம் நாலு மணிக்குப் புலியை ரோட்டோரம் நிறுத்தி வைக்கிறேன் என்று ஒருவர் ஐந்து ரோட்டில் உட்கார்ந்துகொண்டு எப்படி எழுதிக் கொடுக்க முடியும்? நம் மாவட்டத்து ஏரிக்கரைகளில் புலிக்குத்திக் கல் நிற்கிறது. மாட்டைக் காக்கப் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கு வைத்த கல். அந்தக் காலத்தில் புலி நிச்சயமாக வந்திருக்கிறது, நோட்டீஸ் இல்லாமலேயே.

திரும்பும் கதை இன்னும் மோசம். இரவு 9 மணிக்குள் பண்ணாரி இறங்கிவிட வேண்டும், இல்லையென்றால் ராத்திரி முழுக்கக் கர்நாடகப் பக்கம்தான். எங்கள் வேன் டிரைவர் முதல் நாள் இரவிலிருந்து கண் மூடவில்லை, மாற்று டிரைவர் கிடையாது. ஆசனூர் தாண்டிய பிறகு கரும்பு லாரிக்காக யானை காத்து நிற்கிற ரோடு அது. அதில் அவர் ஓட்டிய வேகத்தை என் மகளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. திம்பம் இறக்கத்தில் ஆறேழு வளைவு தாண்டியதும் பிரேக் வாசனை வந்தது. நான் முன் சீட்டுக்குப் போய் உட்கார்ந்து, "தம்பி, செகண்ட் கியர்லயே விடுங்க, மணி ஆனா ஆகட்டும்" என்று கீழே வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே வந்தேன். சாவடியைத் தாண்டும்போது 8.50. ஐந்து ரோடு வந்து சேர்ந்தது நள்ளிரவுக்கு மேல்.

மறுநாள் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்தேன். "புலி உங்களைப் பாத்திருக்கும் சார், நீங்கதான் பாக்கல" என்று சிரித்தார்கள். நல்ல ஜோக்தான், ஒரு வகையில் உண்மையும்கூட. அதற்கு 9,600 ரூபாய் அதிகம்.

பணம் திரும்ப வேண்டும் என்று இதை எழுதவில்லை. மாவட்ட நிர்வாகமும் போக்குவரத்துத் துறையும் சுற்றுலாத் துறையும் கவனிக்க வேண்டும். இப்படி நோட்டீஸ் அடிப்பவர்கள் 'புலி நிச்சயம்' என்ற இரண்டு வார்த்தையையும் எடுத்தாக வேண்டும். பண்ணாரிக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை மணிக்கு மூடும், காட்டுக்குள் மொத்தம் எத்தனை நிமிஷம் என்பதைப் புலிப் படத்துக்குக் கீழே அதே அளவு எழுத்தில் போடட்டும். ராத்திரியும் பகலும் ஓடுகிற வண்டிக்கு இரண்டாவது டிரைவர் இல்லாமல் சேலத்தை விட்டு நகர விடக் கூடாது. முடிந்தவர்கள் மசினகுடியிலோ கூடலூரிலோ ஓர் இரவு தங்கிப் போவது நல்லது. முடியாதவர்கள், என்னைப் போல, மான் பார்க்கப் போகிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

பேரன் பள்ளிக்கூடத்தில் புலி பார்த்ததாகச் சொல்லவில்லையாம். தடத்தைப் பார்த்தேன், இவ்வளவு பெரிசு என்று நோட்டில் வரைந்து காட்டியிருக்கிறான். சதுரமாகத்தான் வரைந்திருக்கிறான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே இன்று காலைப் பேப்பரிலிருந்து அதே மஞ்சள் நோட்டீஸ் மறுபடியும் விழுந்தது. இருநூறு ரூபாய் குறைத்திருக்கிறார்கள். புறப்படும் நேரம் அதே விடியற்காலை 2 மணி. அதே 'காலை சஃபாரி'.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அரசுப் பேருந்து ஓட்டுநர்,
கோரிமேடு, சேலம்.