அப்பாவுக்கு, செவ்வாயின்ரை நிறம் பற்றி

ஸ்காபரோ, கனடா
மாசி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். நீங்கள், அம்மா, தங்கச்சி எல்லாரும் சுகமாயிருக்க வற்றாப்பளை அம்மனை வேண்டுறன். போனிலை உங்களோடை நாலு வசனம் சேர்ந்தாப்போலை கதைக்கேலாது, "சரி சரி, உடம்பைப் பார்" எண்டு வைச்சிடுவியள். அதுதான் எழுதுறன்.

குளிர் இன்னும் குறையேல்லை. பஸ்சுக்கு நிக்கேக்கை மூக்குக்குள்ளை ஈரம் உறைஞ்சு மொறுமொறுக்கும். வெயர்ஹவுஸ் வேலை முடிஞ்சு வர நடுச்சாமம் தாண்டும். அறையிலை மற்றப் பெடியள் படுத்தாப்பிறகுதான் நான் லப்டொப்பைத் திறக்கிறது. சீட்டாட்டம் ஏதுமோ எண்டு அம்மா பயப்படத் தேவையில்லை. வேற கிரகங்களிலை இறங்கின இயந்திரங்கள் எடுத்த படங்களை நாசா எல்லாருக்கும் பொதுவா விட்டிருக்கு. அதுகளை இறக்கி நிறம் சேர்க்கிறன், அவ்வளவுதான்.

போன கிழமை அனுப்பின செவ்வாய்ப் படத்தைப் பாத்திட்டு, "உது நீ தீத்தின நிறம்தானே" எண்டு கேட்டனீங்கள். நியாயமான கேள்விதான், ஆனால் தீத்தேல்லை அப்பா.

அது வைக்கிங் 1 எண்ட நாசா இயந்திரம் எடுத்தது. 1976 யூலை 20 அங்கை இறங்கினது. அதின்ரை கமெராவிலை பிலிம் இல்லை. உள்ளுக்கை ஒரு சின்னக் கண்ணாடி மேலும் கீழும் ஆடும். ஒரு ஆட்டத்துக்கு நெட்டுக்கு ஒரு கோடு, அந்தக் கோட்டிலை 512 புள்ளி. பிறகு கமெரா துளி திரும்பி அடுத்த கோடு. நிறப்படம் எண்டால் சிவப்பு, பச்சை, நீலம் எண்டு ஒரே காட்சியை மூண்டு தரம் அளக்கும். பூமிக்கு வந்து சேருறது வெறும் இலக்கம். திறந்து பாத்தால் மூண்டும் கறுப்பு வெள்ளைப் படம். ஒண்டுக்கு மேலை ஒண்டு வைக்கத்தான் நிறம் வரும். எதுக்கு எவ்வளவு பங்கு எண்டதிலைதான் முழு வில்லங்கமும். சிவப்பைக் கூட்டினால் எங்கட கிரவல் றோட்டு, நீலத்தைக் கூட்டினால் எங்கட பங்குனி வானம்.

நாசாக்காரரே இதிலை தடக்குப்பட்டவை. அடுத்த நாள் எடுத்த முதல் நிறப்படத்தை அவசரத்திலை வெளிவிட, வானம் நீலச்சாயலாய் இருந்தது. பாத்தவைக்குச் சந்தோஷம், பூமி மாதிரியெல்லோ! பிறகு சரிபாக்கேக்கைதான் பிடிபட்டது: கமெராவுக்குள்ளை ஒளியை அளக்கிற உணரிகள் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் சேர்த்தே வாங்குதுகள். அதைக் கழிச்சுப் போட வானம் மஞ்சள் கலந்த ரோசாவாய் வந்திட்டுது. அதை அறிவிக்க, கூடியிருந்த பத்திரிகைக்காரர் "ஊ" எண்டு கூவினவையாம். எங்கட சந்தியிலை ஆரும் வானம் ரோசா எண்டு சொல்லியிருந்தாலும் அதுதான் நடந்திருக்கும்.

எனக்குச் சாட்சி அந்த இயந்திரத்தின்ரை உடம்பிலையே இருக்கு. ஒரு நிற அட்டை. சாம்பல் படிகள், சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்கள். ஒவ்வொண்டும் என்ன நிறம் எண்டு புறப்பட முதலே பூமியிலை அளந்து வைச்சிருக்கு. அட்டை சரியா வந்தால் அதுக்குப் பக்கத்திலை கிடக்கிற மண்ணும் சரி.

ஆனால் ஒரு சிக்கல் இருக்கு. செவ்வாய்க் காத்திலை துரு ஏறின தூசி எந்த நேரமும் மிதக்கும். அது நீலத்தைக் குடிச்சிடும். அதாலை வெளிச்சமே சிவந்துதான் விழும், அட்டையிலை சாம்பலும் கொஞ்சம் சிவந்துதான் தெரியும். அந்தச் சாம்பலைச் சுத்தச் சாம்பலாக்கினால், அந்தக் கல்லுகளைப் பூமி வெயிலிலை வைச்சுப் பாக்கிற நிறம் வரும். கல்லு ஆராயிறவைக்கு அதுதான் வேணும். எனக்கு அங்கை நிண்டு பாக்கிறவன்ரை கண்ணுக்குத் தெரியிறது வேணும். அதாலை சிவப்பை விட்டுவைச்சன். நீங்கள் சந்தேகப்பட்டது அந்தச் சிவப்பைத்தான்.

வெள்ளியிலை இது இன்னும் மோசம். ரஷ்யாக்காரர் இறக்கின வெனேரா 13, 1982 மார்ச் 1ஆம் திகதி, 457 பாகை செல்சியஸ் வெக்கையிலை 127 நிமிஷம் தாக்குப்பிடிச்சு நிறப்படம் அனுப்பினது. எல்லாம் செம்மஞ்சள். அங்கை இருக்கிற தடிச்ச காத்தைத் தாண்டி நீல ஒளி நிலத்துக்கு வாறேல்லை. எங்கட வெயிலிலை வைச்சால் அதே கல்லு சாம்பல் நிறம்.

எங்கட மண்ணின்ரை சிவப்புக்கும் செவ்வாயின்ரை சிவப்புக்கும் காரணம் ஒண்டுதான், இரும்பு. எட்டிலை செவ்வாய் எண்டு தங்கச்சியின்ரை குறிப்பைத் திருப்பி அனுப்பின ஆக்களுக்கு இந்தப் படத்திலை ஒரு பிரதி குடுங்கோ. இன்னொண்டும் சொல்லுங்கோ, நம்பமாட்டினம்: அங்கை பகலிலை வானம் சிவக்கும், பொழுது படேக்கை சூரியனைச் சுத்தி நீலம்.

தங்கச்சியிட்டை ஒரு வேலை இருக்கு. மத்தியானம் பன்னிரண்டு மணி வெயிலிலை, கிணத்தடி மண்ணிலை ஒரு வெள்ளைத் தாளை வைச்சு, ரெண்டும் விழுறமாதிரிப் படம் எடுத்து அனுப்பட்டும். அவளின்ரை போன் எங்கட முத்தத்தை எப்பவும் மஞ்சளாக்கித்தான் காட்டுது. தாள் இருந்தால் நான் திருத்திப்போடுவன்.

காசு வெள்ளிக்கிழமை போடுறன். பிறஷர் குளிசையை விடாதேங்கோ.

அன்பு மகன்