சனிக்கிழமை படத்துக்கு பாட்டியையும் கூட்டிட்டு வாங்க

பெற்றோர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

வர்ற சனிக்கிழமை சாயந்தரம் ஆறரை மணிக்கு நம்ம ஸ்கூல் மைதானத்துல திரை கட்டி 'பதேர் பாஞ்சாலி'ங்கற வங்காளப் படம் போடறோம், நம்ம பசங்களுக்கு மட்டும் இல்ல, கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கத்துல இருக்கற யார் வேணா வரலாம், டிக்கெட் கிடையாது. சர்க்குலர் போன அன்னைக்கே ரெண்டு மூணு பேர் போன் பண்ணி "ஏன் மேடம், கறுப்பு வெள்ளைப் படம், அதுவும் அழுவாச்சி, பசங்க தூங்கிடுவாங்களே"ன்னு கேட்டீங்க. நியாயமான கேள்விதான், காலேஜ்ல முதல் தடவை பாத்தப்போ நானே பாதியில தூங்கினவதான், அதனாலதான் இந்த நீளக் கடிதாசி.

நாம தினம் பஸ்ல தாண்டிப் போற ஹாஜ்ரா பசுஸ்ரீ தியேட்டர்ல 1955 ஆகஸ்ட்ல ஓடின படம் இது. சத்யஜித் ராய்க்கு முதல் படம், கேமராமேன் சுப்ரதா மித்ராவுக்கும் முதல் படம், ஷூட்டிங் ஆரம்பிச்சப்போ அவருக்கு இருபது சொச்சம் வயசுதான். விளம்பரக் கம்பெனி வேலைய விடாம லீவு நாள்ல ஷூட்டிங், பணம் தீந்ததும் இன்சூரன்ஸ் பாலிசிய வித்து, மனைவி நகைய அடகு வச்சு, அப்புறமும் பத்தாம நின்னு போய், கடைசில மேற்கு வங்க அரசு கை குடுத்துச்சு. பேர்ல இருக்கற 'பதேர்'னா 'பாதையோட'ன்னு அர்த்தம், அந்தப் பணத்த ரோடு போடற கணக்குல எழுதினாங்களாம்!

அக்காவும் தம்பியும் காஷ்ங்கற வெள்ளை நாணல் பூக்காட்டுல ரயில் பாக்க ஓடற சீன் இருக்கு பாருங்க, ஒரு நாள் ஷூட் பண்ணிட்டு அடுத்த வாரம் போனா பூ மொத்தத்தையும் மாடு மேஞ்சிருக்கு, திரும்பப் பூக்கற சீசன் வரைக்கும் காத்திருந்து மிச்சத்த எடுத்தாங்க. லீவுக்கு லீவு ஹவ்ரால ஏறி சென்னை வரைக்கும் ஜன்னலோரம் உக்காந்து சலிச்சுப்போன நம்ம பசங்க அந்த ஓட்டத்த எப்படிப் பாக்கப் போறாங்கன்னு எனக்கே ஆசையா இருக்கு.

ஒண்ணு சொல்லிடறேன், பசங்ககிட்ட சொல்லிடாதீங்க. படத்துல அக்கா துர்கா காய்ச்சல்ல செத்துடுவா. அப்போ தயவுசெய்து பசங்க கண்ண மூடாதீங்க, எழுப்பிக் கூட்டிட்டும் போகாதீங்க, பக்கத்துல இருந்தா போதும், அழுதா அழட்டும். ரெண்டாம் கிளாஸுக்குக் கீழ உள்ள குட்டிங்களுக்கு மட்டும் உள்ள லைப்ரரில வேற ஏற்பாடு பண்ணியிருக்கு. பசங்கள கேட்ல இறக்கிவிட்டுட்டு "ஒன்பது மணிக்கு வரேன்"னு கிளம்பற வேலை மட்டும் இந்தத் தடவை வேண்டாம்.

இப்போ முக்கியமான விஷயம். சப்டைட்டில் இங்கிலீஷ்லதான் இருக்கு. வீட்ல பாட்டி தமிழ்ல கேட்டா பேரன் வங்காளத்துல பதில் சொல்றான்னு போன மீட்டிங்ல எத்தன பேர் வருத்தப்பட்டீங்க. அந்த வங்காளத்துக்கு அன்னைக்கு வேலை இருக்கு, ஒவ்வொரு பையனும் பொண்ணும் தாத்தா பாட்டி பக்கத்துல உக்காந்து காதுல தமிழ்ல கதை சொல்லணும், கொசகொசன்னு சத்தம் வந்தா வரட்டும். அதுவும் இந்திர் டாக்ருண்னு ஒரு கூன் விழுந்த கிழவி வருவாங்க, போக்கிடம் இல்லாம கொய்யாப்பழத்துக்கு ஏங்கிட்டு, துர்காவுக்கு மட்டும் செல்லமா. நடிச்ச சுனிபாலா தேவிக்கு எண்பது வயசு இருக்கும், பழைய நாடக நடிகை, படம் ரிலீஸ் ஆகறதுக்குள்ள காலமாயிட்டாங்க. அவங்கள நம்ம பாட்டிங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இதே ராய் நம்ம பரதநாட்டியம் பாலசரஸ்வதி அம்மாவப் பத்தி 1976ல 'பாலா'ன்னு ஒரு சின்ன டாக்குமெண்டரி எடுத்திருக்கார், இது நல்லபடியா நடந்தா அடுத்து அதையும் போடலாம்.

படம் ரெண்டு மணி நேரம், நடுவுல இடைவேளை இல்ல, முடிஞ்சதும் ஜால்முடி (காரப் பொரி) உண்டு. பாய் ஸ்கூல்ல இருக்கு, முட்டி வலி இருக்கறவங்களுக்கு நாற்காலி எத்தன வேணும்னு வியாழக்கிழமைக்குள்ள டைரில எழுதி அனுப்புங்க.

இப்படிக்கு,
தலைமையாசிரியை