மூன்றாம் பிரிவுக்கும் நாலு வரி ஒதுக்குங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்ச் பிறந்துவிட்டால் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றி ஒன்றிரண்டு செய்திகள் தலைகாட்டும். எல்லாமே முதல் பிரிவைப் பற்றியவை. 68 அணிகள், முழு உதவித்தொகை, நிரம்பி வழியும் அரங்கம் என்று வருடா வருடம் அதே வாக்கியங்கள்தான். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பில் மூன்று பிரிவுகள் இருக்கின்றன. கல்லூரிகள் மிகுதியாக இருப்பது மூன்றாவதில், நானூறுக்கும் மேல். பெங்களூர்த் தமிழ் வீடுகளில் பிள்ளைகளின் மேற்படிப்புப் பேச்சு வந்தாலே அடிபடும் எம்ஐடி, கால்டெக், கார்னகி மெலன், சிகாகோ எல்லாம் கூடைப்பந்தில் இந்த மூன்றாம் பிரிவுதான். இங்கிருந்து போகும் பெண் ஒருத்தி அங்கே கல்லூரி அணியில் ஆடுகிறாள் என்றால் பெரும்பாலும் இந்தப் பிரிவில்தான் ஆடுவாள். அந்த வீட்டாரும், அல்சூர், பிரேசர் டவுன் பக்கம் பந்து தட்டும் பிள்ளைகளும் மூன்றாம் பிரிவுப் பெண்கள் சாம்பியன் போட்டியை ஒழுங்காகப் பின்தொடர உதவும்படி நாலு வரி இடம் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் களைய வேண்டும். மூன்றாம் பிரிவில் விளையாட்டுக்கென்று ஒரு டாலர் உதவித்தொகைகூடக் கிடையாது. படிப்புத் திறனுக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி மட்டுமே உண்டு. ‘சிறு கல்லூரி’ என்பதும் பழக்கத்தில் வந்த பேச்சுதான். 2024, 2025 இரண்டு ஆண்டும் ஒரு தோல்விகூட இல்லாமல் கோப்பை வென்ற நியூயார்க் பல்கலைக்கழகம் மாணவர் எண்ணிக்கையில் பெரிய நிறுவனம். இரண்டு முறையும் இறுதியில் அதனிடம் தோற்ற ஸ்மித் கல்லூரிதான் உண்மையில் சிறியது. மாசசூசெட்ஸ் மாநிலம் நார்த்தாம்ப்டனில் உள்ள பெண்கள் கல்லூரி அது. 1893 மார்ச்சில் செண்டா பெரன்சன் என்ற உடற்பயிற்சி ஆசிரியை முதல் பெண்கள் கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டத்தை நடத்தியது அங்கேதான். ஆண்கள் உள்ளே வந்து பார்க்கக்கூட அன்று அனுமதி இல்லை. அந்த வரலாற்றை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டிருந்தால் எத்தனை பேர் படித்திருப்பார்கள்!

இனிப் போட்டி முறை. மொத்தம் 64 அணிகள், எல்லாமே நாக்-அவுட். இதில் பெரும்பங்கு இடங்கள் அந்தந்த வட்டாரக் கூட்டமைப்புகளின் சாம்பியன்களுக்கு நேரடியாகப் போய்விடும். மிச்சமிருக்கும் இடங்கள் தரவரிசைக் கணக்கின்படி. அதனால் போட்டியைப் பின்தொடர நினைப்பவர் மார்ச் வரை காத்திருக்கக் கூடாது, பிப்ரவரி கடைசி வாரத்திலேயே தொடங்கிவிட வேண்டும். ஏதோ ஒரு கூட்டமைப்பில் ஐந்தாம் இடத்தில் கிடந்த அணி மூன்று நாள் நன்றாக ஆடிக் கோப்பையைத் தூக்கிவிட்டால் அதற்கு நேரடி இடம் உறுதி. அங்கே தோற்ற முதல் அணியும் தரவரிசை வழியாக உள்ளே வரும். முடிவில், இந்தக் கதையில் சம்பந்தமே இல்லாத வேறொரு மாநில அணி வெளியே நிற்கும். ‘இருபதுக்கு மேல் வென்றும் இடமில்லையே’ என்ற புலம்பலுக்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

நியூயார்க், சிகாகோ, எமோரி, கார்னகி மெலன் முதலான எட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த கூட்டமைப்பு மட்டும் வேறு வழியில் போகிறது. அங்கே கூட்டமைப்புக் கோப்பைப் போட்டியே இல்லை. ஒவ்வோர் அணியும் மற்ற ஏழையும் இரண்டு முறை சந்திக்கும். அந்த 14 ஆட்டங்களின் முடிவில் முதலிடம் பிடித்தவருக்கே நேரடி இடம். ஜனவரியில் சொந்த அரங்கில் கோட்டை விட்ட ஓர் ஆட்டம் பிப்ரவரி கடைசியில் வந்து கழுத்தைப் பிடிக்கும்.

தரவரிசைக் கணக்கும் 2024–25 பருவத்திலிருந்து மாறிவிட்டது. முன்பு வட்டாரக் குழுக்கள் கூடிப் பேசி அணிகளை வரிசைப்படுத்தின. இப்போது வெற்றி தோல்வியும் எதிரணிகளின் வலிமையும் சேர்ந்த ஒரே குறியீட்டு எண். பலவீனமான அணிகளை மட்டும் தேடிப் பிடித்து 40 புள்ளி வித்தியாசத்தில் அடித்தால் பெயர் கிடைக்கலாம், குறியீடு ஏறாது. பழைய பழக்கத்தில் ‘குழு என்ன நினைக்குமோ’ என்று இன்னும் எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாவற்றையும் விடக் குழப்பம் தருவது டிரா, அதாவது யாரோடு யார் மோதுவது என்ற அட்டவணை. முதல் பிரிவில் ஒவ்வோர் அணிக்கும் 1 முதல் 16 வரை எண் கொடுத்து, வலியவர்களைப் பிரித்து வைப்பார்கள். மூன்றாம் பிரிவில் டிராவைப் போடுவதில் பாதிப் பங்கு சாலை வரைபடத்துக்கு. பயணச் செலவைக் குறைப்பதற்காக, பேருந்தில் போகக்கூடிய தூரத்துக்குள், சுமார் 500 மைல், அதாவது 800 கிலோமீட்டருக்குள் இருக்கும் நான்கு நான்கு அணிகளாகச் சேர்த்து ஒரு கல்லூரியில் இறக்கிவிடுவார்கள். பெங்களூரிலிருந்து சென்னைக்குப் பேருந்தில் போய்த் திரும்பினாலும் இதைவிடக் குறைவுதான். ஆனால் அந்த எல்லை எல்லாருக்கும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. நியூ இங்கிலாந்து, பென்சில்வேனியா பக்கம் கல்லூரிகள் நெருக்கமாக இருப்பதால் அணிகளைக் கலைத்துப் போட இடம் உண்டு. டெக்சாஸிலும் மேற்குக் கரையிலும் அந்த வசதி இல்லை. பருவம் முழுக்கத் தங்களுக்குள் மோதிய இரண்டு வலுவான அணிகளே மறுபடி முதல் சுற்றிலோ இரண்டாம் சுற்றிலோ எதிரெதிரே நிற்கும். எனவே, ‘பலமான அணி இரண்டாம் சுற்றிலேயே அதிர்ச்சித் தோல்வி’ என்று தலைப்பிடுவதற்கு முன், தோற்கடித்த அணி எங்கிருந்து வந்தது என்று வரைபடத்தில் ஒரு பார்வை பார்த்துவிடுவது நல்லது.

யார் அரங்கில் ஆட்டம் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே கல்லூரியின் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டும் தகுதி பெற்றுவிட்டால் ஒரே வார இறுதியில் இரண்டு போட்டிகளையும் அங்கே நடத்த மாட்டார்கள். எந்த வாரம் யாருக்கு முன்னுரிமை என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். தரவரிசையில் மேலே இருந்தும் ஓர் அணி வெளியூருக்குப் பெட்டி கட்டினால் காரணம் இதுவாக இருக்கலாம்.

நேரக் கணக்கில்தான் நம் வாசகர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். கிழக்குக் கரைக்கும் நமக்கும் குளிர்காலத்தில் பத்தரை மணி நேர வித்தியாசம். மார்ச் இரண்டாம் ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், அன்றிலிருந்து ஒன்பதரை. அந்த ஞாயிறு சரியாகப் போட்டியின் நடுவில் வந்து விழுகிறது. முதல் வாரம் அங்கே வெள்ளி மாலை 7 மணி ஆட்டம் என்றால் நமக்குச் சனி காலை 5.30. கடிகாரம் மாறிய பிறகு அதே 7 மணி ஆட்டம் காலை 4.30-க்கே தொடங்கிவிடும். மத்திய மாநிலங்களுக்கு ஒரு மணி நேரமும், மேற்குக் கரைக்கு மூன்று மணி நேரமும் கூட்டிக்கொள்ள வேண்டும். தேதியையும் கவனிக்க வேண்டும்: அங்கத்திய வெள்ளி நமக்குச் சனி. தாங்கள் அச்சிடும்போது ‘வெள்ளிக்கிழமை நடந்த’ என்று எழுதினால் எந்த ஊர் வெள்ளி என்று சேர்த்து எழுத வேண்டியிருக்கும்.

நேரலை பெரும்பாலும் போட்டியை நடத்தும் கல்லூரியின் விளையாட்டுத் தளத்திலேயே கிடைக்கும். பக்கத்திலேயே நேரடிப் புள்ளிவிவரமும் ஓடும். இரண்டையும் ஒருசேரத் திறந்து வைக்காதீர்கள். காணொளி பின்தங்கி வரும், எண் முந்திக்கொள்ளும். கடைசி ஃப்ரீ த்ரோ விழுந்ததா என்பது பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே தெரிந்துபோகும்.

விதிகளில் மூன்று வேறுபாடுகள் நம் கண்டீரவா, கோரமங்களா உள்ளரங்கங்களில் ஆட்டம் பார்த்துப் பழகியவர்களைத் தடுமாற வைக்கும். கால் பகுதி பத்து நிமிடம் என்பதும், ஆறாம் எண் பந்தும், 6.75 மீட்டர் மூன்று புள்ளிக் கோடும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். (அந்தக் கோடு அங்கே 2021–22 பருவத்தில்தான் பின்னுக்குப் போனது. அதற்கு முந்தைய மூன்று புள்ளிச் சாதனைகளை இன்றையதோடு அப்படியே ஒப்பிடுவது நியாயமில்லை.) ஷாட் கிளாக், அதாவது பந்து கைக்கு வந்தபின் ஷாட் எடுத்தாக வேண்டிய கெடு, நமக்கு 24 விநாடி, அங்கே 30. ஆறு விநாடிதானே என்று நினைக்க வேண்டாம். இரண்டு புள்ளி பின்தங்கிய அணி, பந்து எதிரணி கையில், 35 விநாடி மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். நம் விதிப்படி ஃபவுல் செய்யாமல் தடுத்து நின்றாலும் 11 விநாடி கையில் இருக்கும், அதில் ஒரு நல்ல ஷாட் எடுக்கலாம். அங்கே மிஞ்சுவது ஐந்து விநாடி. அதனால் அங்கே பயிற்சியாளர் முன்கூட்டியே ஃபவுல் செய்யச் சொல்வார். அவசரப்படுகிறார் என்று நமக்குத் தோன்றும். பந்தைப் பாதிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக நமக்கு 8 விநாடி, அவர்களுக்கு 10. டைம் அவுட் எடுத்தால் பந்தை முன்பாதிக்கு நகர்த்தும் சலுகை நமக்குக் கடைசி இரண்டு நிமிடத்தில் உண்டு, அங்கே கடைசி ஒரு நிமிடத்துக்குள் மட்டும்.

அணி ஃபவுல் கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். ஷாட் எடுப்பவர் மீது செய்யாத ஃபவுல் என்றால் ஒரு கால் பகுதியில் நான்கு வரை ஃப்ரீ த்ரோ இல்லை, ஐந்தாவதிலிருந்து இரண்டு. அடுத்த கால் பகுதியில் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இதில் தவறு நடக்கும் இடம் ஒன்று இருக்கிறது. நான்காம் கால் பகுதியில் இரண்டே ஃபவுல் செய்து ‘சுத்தமாக’ ஆடிய அணி கடைசி நிமிடத்தில் பின்தங்கியிருந்தால், எதிரணியை ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு அனுப்ப மூன்று முறை ஃபவுல் செய்தாக வேண்டும். மூன்றாவதும் நான்காவதும் வெறும் வெளிக்கோட்டு எறிதல்தான், ஒவ்வொன்றுக்கும் சில விநாடி போய்விடும். நல்ல பயிற்சியாளர் இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போதே அந்த ஃபவுல்களைச் செலவழித்துவிடுவார். கூடுதல் நேரம் போனால் நான்காம் கால் பகுதியின் கணக்கு அப்படியே தொடரும். இதை மறந்து முதல் தொடுதலிலேயே இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்த அணிகள் உண்டு.

புள்ளிவிவர அட்டையைப் படிக்கும் விதத்துக்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஓர் அணி 60 ஷாட்டில் 22 போட்டது, அதில் 6 மூன்று புள்ளி. ஃப்ரீ த்ரோ 18-க்கு 12. தன் பக்கம் தவறிய பந்தைத் தானே பிடித்தது 10 முறை. டர்ன்ஓவர், அதாவது ஷாட் எடுக்காமலே பந்தைப் பறிகொடுத்தது, 16. மொத்தம் 62 புள்ளி. வெறும் 22-ஐ 60-ஆல் வகுத்தால் 37 சதவீதத்துக்கும் கீழே. மூன்று புள்ளிக்குப் பாதி மதிப்பு கூட்டி 25-ஐ 60-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 42. இது கொஞ்சம் நேர்மையான எண். பந்து எத்தனை முறை கைக்கு வந்தது என்பதற்கு: ஷாட் 60, அதில் தாமே பிடித்த 10 கழிவு, டர்ன்ஓவர் 16 கூட்டல், ஃப்ரீ த்ரோ எண்ணிக்கையில் 0.44 பங்கு கூட்டல். ஏறத்தாழ 74 வரும். ஐந்தில் ஒரு முறைக்கு மேல் ஷாட்டே எடுக்காமல் பந்தைப் பறிகொடுத்திருக்கிறார்கள். மூன்றாம் பிரிவுப் பெண்கள் ஆட்டங்களில் தோல்விக்குக் காரணம் தேடுகிறவர் முதலில் போக வேண்டிய கட்டம் டர்ன்ஓவர்தான், ஷாட் சதவீதம் பிறகு. 2024 இறுதியாட்டம் 51–41 என்று முடிந்தது. அந்தச் சிறிய எண்ணை மட்டும் அச்சிட்டால் ‘மோசமான ஆட்டம்’ என்று வாசகர் பக்கத்தைத் திருப்பிவிடுவார். இரண்டு தடுப்பாட்டங்கள் ஒன்றையொன்று நெரித்த கதை அந்த எண்ணில் தெரியாது.

முதல் இரு சுற்றுகளும் அடுத்தடுத்த இரவுகளில் நடப்பதால் அட்டையில் ‘நிமிடங்கள்’ என்ற கட்டத்தையும் பார்க்க வேண்டும். வெள்ளியன்று ஐந்து பேரே 35 நிமிடத்துக்கு மேல் ஆடி ஜெயித்த அணி சனியன்று மூன்றாம் கால் பகுதியில் தள்ளாடும். கால் சோர்ந்தால் முதலில் கெடுவது தூர ஷாட். பந்து வளையத்தின் முன்விளிம்பில் தட்டித் தட்டி விழும். அடுத்தது கை ஃபவுல், காலால் நகர்ந்து தடுக்க முடியாதபோது கை நீளும். ஒன்பது பத்துப் பேரை மாற்றி மாற்றி இறக்கும் அணிக்கு இந்த இரண்டாம் இரவுதான் அறுவடை.

இதெல்லாம் அமெரிக்காவுக்கு மட்டும் என்றால் தங்களிடம் இடம் கேட்டிருக்க மாட்டோம். நம் தென்மண்டலப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பெண்கள் போட்டியையும் இதே கண்ணோடு எழுதலாம். நாக்-அவுட் முடிந்து கடைசி நான்கு அணிகள் லீக் ஆடும் முறை அது. அந்த நான்கு அணிகளும் அகில இந்தியப் போட்டிக்குப் போகும் என்பதால் உயிர் போகும் ஆட்டம் காலிறுதிதான். தங்கள் இதழிலோ லீக் முடிந்தபின் ‘சாம்பியன்’ என்று ஒரே ஒரு வரி. 2017 ஜூலையில் கண்டீரவாவில் ஆசியக் கோப்பை பி பிரிவு இறுதியில் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75–73 என்று வென்று ஏ பிரிவுக்கு ஏறியபோதும், கால் பகுதிவாரிப் புள்ளி தேடியவர்கள் தமிழ் நாளிதழை நம்பியிருக்க முடியாது.

கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கால் பகுதிவாரிப் புள்ளி, டர்ன்ஓவர், ஃப்ரீ த்ரோ, அதிகப் புள்ளி எடுத்தவர் பெயரும் அவர் ஆடிய நிமிடமும். நாலு வரிக்குள் அடங்கும். அதிகாலை ஆட்டங்களின் முடிவு அன்றைய இதழில் வர வழியில்லை, மறுநாள் வந்தால் போதும். 64 அணிகளின் டிரா மட்டும் முன்கூட்டியே வேண்டும். அது அங்கே திங்கட்கிழமை வெளியாகும். முதல் ஆட்டம் நமக்குச் சனி விடியலில். புதன் இதழில் அரைப் பக்கம் ஒதுக்கினால், வெட்டி எடுத்துச் சுவரில் ஒட்டிப் பேனாவால் நிரப்பிக்கொள்ள மூன்று நாள் இருக்கிறது.

இங்ஙனம்,
தங்கள் வாசகர்கள் சிலர்,
அல்சூர், பெங்களூரு.