எத்தனை நாள் வேலை, என்ன கூலி என்றும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, அதாவது தைத்த துணியில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை, பார்க்கிறேன். எங்கள் தொழிலைப் பற்றித் தங்கள் இணையதளத்தில் செய்தி வந்தால், சாப்பாட்டு நேரத்தில் மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுவேன். “நம் கூலியைப் பற்றி ஒன்றும் போடவில்லையா?” என்று பக்கத்து டேபிள் அக்கா தவறாமல் கேட்பார்.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருட்களுக்கு 50 சதவீத வரி விதித்தபோது, எத்தனை கோடி ஆர்டர் கைவிட்டுப் போகும் என்று நாள்தோறும் எழுதினீர்கள். ஏற்றுமதியாளர்களின் பேட்டிகள் வந்தன. அது வேண்டியதுதான், ஆர்டர் இல்லையென்றால் எங்கள் வீட்டிலும் அடுப்பு எரியாது. ஆனால் அப்போது எங்கள் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்டாகி, பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் என்றானது. யாரையும் வேலையை விட்டு நிறுத்தவில்லை. “நாளை வர வேண்டாம், போன் செய்கிறோம்” என்பார் சூப்பர்வைசர். சனிக்கிழமை சம்பளக் கவரில் பாதிப் பணம்கூட இருக்காது. குழுக் கடனுக்கு வசூல் செய்பவர் மட்டும் திங்கட்கிழமை சரியாக வந்துவிடுவார். இதைப் பற்றி ஒரு வரியும் நான் படிக்கவில்லை.

வேலையின்மைக் கணக்கும் அப்படித்தான் வருகிறது. 2023-24-இல் 3.2 சதவீதம் என்பதுதான் தலைப்பு. அது ஓர் ஆண்டு முழுவதையும் வைத்துப் பார்க்கும் கணக்கு. பொருளாதாரம் படிக்கும் என் மகள் அந்த மத்திய அரசு அறிக்கையைத் தேடி எடுத்தாள். கடந்த ஏழு நாளை மட்டும் பார்க்கும் வாரக் கணக்குப்படி அதே ஆண்டில் 4.9 சதவீதம் என்று அதிலேயே இருக்கிறது. அந்தக் கணக்கிலும், ஏழு நாளில் ஒரு மணி நேரம் வேலை பார்த்திருந்தால் வேலையில் இருப்பவர்தான். பாதிச் சம்பளம் வாங்கிய நானும், சம்பளமே இல்லாமல் வீட்டுக் கடையில் நிற்கும் பெண்ணும் வேலையில் இருப்பவர்கள். இதைச் சொல்ல இரண்டு வரி போதுமே, ஐயா!

தீபாவளி, பொங்கல் முடிந்தால் “ஆள் பற்றாக்குறை” என்று செய்தி வரும். எந்தக் கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை? டெய்லர், செக்கிங், கைமடி என்று பிரிவுவாரியாக முதலாளிகள் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்ட கூலி ஒப்பந்தம் இருக்கிறது. அந்தத் தொகையையும், கைக்கு வருவதையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள்.

சனிக்கிழமை இரவு ஷிப்ட் விடும் நேரத்துக்கு நிருபரை அனுப்புங்கள். பெயரும் படமும் வராது என்று உறுதி கொடுத்தால் நாங்கள் பேசுவோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வேலம்பாளையம், திருப்பூர்.