தின்பதற்கு ஒரு வீடு

எர்லாங்கன், ஜெர்மனி
நவம்பர் 20

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து ஊசியில் நூல் கோக்க முடிகிறது என்று எழுதியிருந்தாய். இந்த மாதத்தில் எனக்கு வந்த நல்ல செய்தி அதுதான். அண்ணனுக்குச் சர்க்கரை இன்னும் குறையவில்லை என்பது மட்டும் கவலையாக இருக்கிறது. மருந்தை நேரத்துக்கு எடுத்துக்கொள்ளச் சொல். நடக்கவும் சொல். சொன்னால் கேட்கிற ஆள் இல்லை என்று எனக்கும் தெரியும்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து வரும் பேரப்பிள்ளைகள் ஜிஞ்சர்பிரெட் வீடு, அதாவது மசாலா ரொட்டித் துண்டுகளைச் சர்க்கரை ஐசிங்கால் ஒட்டி எழுப்பும் பொம்மை வீடு, கட்டியே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்களாம். ஜெர்மனியில் இருக்கிறவள் நான்தான் சொல்லித்தர வேண்டுமாம். சொல்கிறேன். ஆனால் என் வாயிலிருந்து வெறும் சமையல் குறிப்பு வந்ததாகச் சரித்திரம் உண்டா? பொறுமையாகப் படி.

முதல் காரியம், பெட்டியில் அடைத்து விற்கும் வீட்டை வாங்காதே. எப்போதோ சுட்ட சுவர்கள் அவை, வாயில் வைத்தால் அட்டையைக் கடிப்பது போல இருக்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும், யாரும் தின்னமாட்டார்கள். இந்த வீட்டைப் பற்றி எனக்கு ஒரே ஒரு பிடிவாதம் உண்டு: அதைத் தின்று முடிக்க வேண்டும்.

ஏன் என்று கேட்பாய். கிரிம் சகோதரர்கள் 1812இல் வெளியிட்ட கதைத் தொகுப்பில்தான் ஹேன்சலும் கிரேட்டலும் வருகிறார்கள். நாம் சிறு வயதில் கேட்டபோது சூனியக்காரிதான் மனதில் நின்றாள். இந்த வயதில் படித்தால் பட்டினிதான் கண்ணில் படுகிறது. ஊரில் பஞ்சம். வீட்டில் ரொட்டி இல்லை. பெற்றவர்களே பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிட்டு வருகிறார்கள். மூன்றாம் நாளும் பசியோடு அலையும் அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு வீடு தெரிகிறது. சுவர் ரொட்டி, கூரை கேக், ஜன்னல் சர்க்கரை. அண்ணன் கூரையைப் பிய்க்கிறான், தங்கை ஜன்னலைக் கடிக்கிறாள். கதையில் இஞ்சியும் கிடையாது, பட்டையும் கிடையாது. அந்தக் கதை பரவிய பிறகு, 19ஆம் நூற்றாண்டில்தான் மசாலா ரொட்டியில் வீடு கட்டும் வழக்கம் ஜெர்மனியில் பெருகியது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். ஹம்பர்டிங்க் இதே கதைக்கு இசை அமைத்த ஓபரா 1893 டிசம்பர் 23 அன்று வைமர் நகரில் அரங்கேறியது. இன்றும் டிசம்பர் வந்தால் இங்குள்ள அரங்குகளில் அதைப் போடுகிறார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள்.

பசித்த பிள்ளைகளுக்காகப் பிறந்த வீடு அது. அதைப் பிளாஸ்டிக் பசையில் ஒட்டி, அலமாரியில் வைத்துப் படம் எடுத்து, ஜனவரியில் குப்பைத் தொட்டியில் போடுவது எனக்கு ஒப்பவில்லை. 2013இல் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் பிரையன் நகரில் 39,000 கன அடிக்கு மேல் கொள்ளளவுள்ள ஒரு வீட்டைக் கட்டி உலக சாதனை செய்தார்கள். ஆள் உள்ளே போய் நடமாடலாம். செய்யட்டும். எனக்குப் பிடித்தது நார்வேயின் பெர்கன் நகரம். அங்கே 1991 முதல் டிசம்பர் காலத்தில் ஒரு ஜிஞ்சர்பிரெட் ஊரையே எழுப்புகிறார்கள். மழலையர் பள்ளிப் பிள்ளைகள் கோணல்மாணலாகச் சுட்டுக் கொண்டுவரும் வீடுகளும் அதில் உண்டு. கோணலாக இருப்பதுதான் அதன் அழகு.

எங்கள் ஊரிலிருந்து நியூரம்பெர்க் ரயிலில் சுமார் 20 நிமிடம். மசாலா ரொட்டிக்கு, இங்கே லேப்கூகன் என்பார்கள், தலைநகரம் அதுதான். நகரைச் சுற்றியிருந்த காட்டில் தேன் கிடைத்தது, வணிகப் பாதையில் மிளகும் கிராம்பும் பட்டையும் வந்து சேர்ந்தன. இரண்டும் ஒரே ஊரில் கூடினால் வேறென்ன நடக்கும்? 1643இலேயே லேப்கூகன் சுடுபவர்களுக்குத் தனிச் சங்கம் ஏற்பட்டுவிட்டது. 1996 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பாதுகாப்பும் இருக்கிறது. நகர எல்லைக்குள் செய்ததற்கு மட்டுமே அந்த ஊர்ப் பெயரைச் சூட்டலாம். நான் இங்கே எவ்வளவு அருமையாகச் சுட்டாலும் அது நியூரம்பெர்க் லேப்கூகன் ஆகாது. உங்கள் ஊரில் செய்த அல்வா திருநெல்வேலி அல்வா ஆகுமா?

ஒரு வேடிக்கை. அந்த ஊரின் உயர்ந்த ரகத்துக்கு எலிசன் என்று பெயர். அதில் பாதாம், ஹேசல், வால்நட் போன்ற பருப்புகள் குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும். மாவு 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தின்றால் கரையும். ஆனால் மாவு இல்லாமல் சுவர் எப்படி நிற்கும்? அதனால் வீட்டுக்கு எளிய பழுப்பு மாவுதான் வேண்டும்.

அளவு இதோ. மைதா 500 கிராம், சர்க்கரை 150, தேன் அல்லது கெட்டிப் பாகு 150, வெண்ணெய் 125, ஒரு முட்டை, சமையல் சோடா அரைத் தேக்கரண்டி, மசாலா ஒரு மேசைக்கரண்டி. மசாலாவில் பட்டை தூக்கலாக இருக்கட்டும். கிராம்பு, ஏலம், ஜாதிக்காய், மல்லி, சோம்பு, சுக்கு எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். பெயரில் இஞ்சி இருந்தாலும் ஜெர்மன் வீடுகளில் சுக்கு இப்படிப் பத்தோடு பதினொன்றாகத்தான் வரும். இங்குள்ளவர்கள் சோடாவுக்குப் பதில் ஒருவகை அமோனியா உப்பைப் போடுகிறார்கள். சுடும்போது அடுக்களையில் நிற்க முடியாது, மூக்கு எரியும். மெல்லிய பிஸ்கட்டிலிருந்து அந்த வாயு முழுவதும் வெளியேறிவிடும். ஆனாலும் உனக்கு அந்த வம்பு வேண்டாம்.

வெண்ணெய், சர்க்கரை, பாகு மூன்றையும் இளஞ்சூட்டில் கரைத்து, ஆறிய பிறகு முட்டை, மாவு, சோடா, மசாலா எல்லாம் சேர்த்துப் பிசைந்து, ஓர் இரவு குளிர்பெட்டியில் வைத்துவிடு. மாவில் வெடிப்பு விட்டால் ஒரு கரண்டி பால் தெளி. மறுநாள் அரை சென்டிமீட்டர் தடிப்பில் தேய்த்து, காகிதத்தில் வெட்டிய அச்சை வைத்து அறுத்து, 175 டிகிரியில் 12 முதல் 15 நிமிடம் சுட வேண்டும். வெளியே எடுத்ததும் சூடு ஆறுவதற்குள் அதே காகிதத்தைத் திரும்ப வைத்து ஓரங்களை நேராக வெட்டு. சுடும்போது மாவு பரவியிருக்கும். ஆறிவிட்டால் வெட்ட வராது, உடையும். ஜன்னல் ஓட்டையில் ஆரஞ்சு மிட்டாயைப் பொடித்துப் போட்டுக் கடைசி மூன்று நிமிடம் சுட்டால் உருகி வண்ணக் கண்ணாடியாகிவிடும். அடியில் பட்டர் பேப்பர் இல்லாமல் இதைச் செய்யாதே.

அச்சு வரையும் பொறுப்பு எங்கள் வீட்டில் இவருடையது. ஓய்வு பெற்ற பிறகு இவர் கட்டுகிற ஒரே கட்டடம் இதுதான் என்பதால் மில்லிமீட்டர் கணக்கில் சண்டை நடக்கிறது. ஜெர்மன் வீட்டுக்குக் கூரை செங்குத்தாக இருக்க வேண்டும் என்பது இவர் வாதம். செங்குத்தான கூரை ஐசிங் காய்வதற்குள் வழுக்கிக் கீழே வரும் என்பது என் வாதம். நீ என் பேச்சைக் கேட்டுச் சரிவைக் குறைத்துக்கொள். சுவர் 12 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். உன் ஓவனில் அதற்குமேல் பெரிய துண்டு சிரமம் என்று நினைக்கிறேன்.

ஐசிங் உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. மக்ரூன் ஊர்க்காரி நீ. வெள்ளைக்கருவை அடித்து நுரையாக்கும் வித்தை தூத்துக்குடிக்குத் தெரியாதா? பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கோ மஞ்சள்கருவோ ஒரு துளி இருந்தாலும் நுரை எழும்பாது என்ற சட்டம் இங்கேயும் அதேதான். ஒரு வெள்ளைக்கருவுக்கு 200 முதல் 225 கிராம் ஐசிங் சர்க்கரை, அரைத் தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. கத்தியால் கீறினால் கீறல் மூடாமல் நிற்க வேண்டும். அதுதான் ஒட்டுவதற்கான பதம். அலங்காரக் கோடு இழுக்கச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு இளக்கிக்கொள். கிண்ணத்தின் மேல் ஈரத்துணி எப்போதும் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஏடு கட்டிக் குழலின் வாயை அடைக்கும். குழலுக்குப் பட்டர் பேப்பரை மருதாணிக் கோன் சுற்றுகிற மாதிரி சுற்றினால் போதும். கல்லூரி விடுதியில் கல்யாணப் பெண்களுக்கெல்லாம் மருதாணி வைத்துவிட்ட கை உன்னுடையது. கூரை விளிம்பில் பனி தொங்குவதை என்னைவிட நன்றாக இழுப்பாய்.

சிறு பிள்ளைகள் தின்னப்போகிறார்கள், பச்சை முட்டை என்பதால் ஒரு எச்சரிக்கை. இங்கே கிருமி நீக்கிய வெள்ளைக்கரு அட்டைப் பெட்டியில் கிடைக்கிறது. அங்கே கேக் பொருட்கள் விற்கும் கடையில் மெரிங்கு பவுடர், அதாவது உலர்த்திய வெள்ளைக்கருப் பொடி, கேட்டுப் பார். சர்க்கரையை உருக்கி ஒட்டுகிறவர்களும் உண்டு. நொடியில் பிடிக்கும், கையில் பட்டால் தோலோடு போகும். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது அது வேண்டாம்.

இப்போது உன் ஊர்க் காற்றுக்கு வருகிறேன். உன் வீட்டிலிருந்து கடல் எவ்வளவு தூரம்? அதுவும் டிசம்பர், வடகிழக்குப் பருவமழை முழுவதும் ஓய்ந்திருக்காது. தேனும் கருப்பட்டியும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பாகுக்கு உடன்குடிக் கருப்பட்டி போட்டால் மணம் அள்ளிக்கொண்டு போகும், நான் இங்கே செய்து பார்த்திருக்கிறேன். ஆனால் ஈரக் காற்றில் அந்தச் சுவர் சீக்கிரம் நமுத்துவிடும். ஆகவே பாகில் பாதி கருப்பட்டி, பாதி வெள்ளைச் சர்க்கரை என்று வைத்துக்கொள். ஓரம் வெட்டிய துண்டுகளை 120 டிகிரியில் இன்னும் அரை மணி நேரம் உலர்த்து. மிட்டாய் ஜன்னல் இருக்கும் துண்டை மட்டும் ஒதுக்கிவிடு. சுவர்களை 23ஆம் தேதி மாலை நிறுத்தி, உள்ளே இரண்டு டப்பாக்களை முட்டுக்கொடுத்து, மின்விசிறி ஓடும் அறையில் இரவு முழுவதும் விடு. கூரையை 24ஆம் தேதி காலையில்தான் ஏற்ற வேண்டும். முதலில் தொய்வது கூரைதான்.

அலங்காரத்துக்கு வெளிநாட்டு மிட்டாய் தேடி அலையாதே. சீரக மிட்டாய், ஓடு வேய முந்திரி, வேலிக்குக் கடலை மிட்டாய், பனிக்குத் தேங்காய்த் துருவல் உலர்த்தியது. பேரன் கேட்கிறபடியே ஒட்டட்டும், நீ நடுவில் புகுந்து சரி செய்யாதே.

இங்கே வீடுகளில் வெப்பமூட்டி ஓடுவதால் காற்று வறண்டிருக்கும். மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6 வரை வீடு கம்பீரமாக நிற்கும், அன்று பல வீடுகளில் பிள்ளைகள் அதை உடைப்பார்கள். அதற்குள் கல்லாகிவிட்டிருக்கும், தேநீரில் நனைத்துத்தான் தின்ன வேண்டும். உன் வீடு அத்தனை நாள் நிற்காது, நிற்கவும் வேண்டாம். 25ஆம் தேதி மாலையே பிள்ளைகளிடம் கொடுத்துவிடு. வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மெதுவுமாக, தின்பதற்குச் சரியான பதத்தில் அப்போதுதான் இருக்கும். இந்த ஒரு விஷயத்தில் உங்கள் ஊர் ஜெர்மனியை வென்றுவிட்டது. அண்ணனுக்கு ஒரே ஒரு ஓடு, அதுவும் ஐசிங் இல்லாதது.

இங்கே பெரிதாகச் செய்தி ஒன்றும் இல்லை. மகள் ஹாம்பர்கில் வேலை மாற்றிக்கொண்டாள், 23ஆம் தேதி வருவதாகச் சொல்லியிருக்கிறாள். நான்கு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடுகிறது. எனக்கு முழங்கால் படுத்துகிறது, ஆனாலும் நியூரம்பெர்க் கிறிஸ்துமஸ் சந்தைக்கு ஒரு நாளாவது போய் வருவேன்.

மழைக்காலத்தில் மக்ரூன் நமுக்காமல் இருக்க உங்கள் தெரு பேக்கரிக்காரர் என்ன செய்கிறார் என்று கேட்டு எழுது. எனக்கு அது வேண்டும். ஜனவரியில் உன் தம்பி மகன் இந்தப் பக்கம் வருகிறான் என்றாயே, அவனிடம் ஒரு கிலோ கருப்பட்டி கொடுத்துவிடு. அவன் பெட்டியில் இடம் இல்லை என்பான், விடாதே.

அன்புடன்,
உன் பழைய விடுதித் தோழி