லீவ எங்க போடுறதுன்னு கேட்டியே

ஏய் வாயாடி,

உன் மெயில் பாத்தேன். டீம் லீட் ஆயிட்டேன்னு ஒரு வரியில சொல்லிட்டு மிச்சம் முழுக்க யார் யார் எப்ப லீவுன்னு பொலம்பியிருக்க. வாழ்த்துக்கள்டி, ட்ரீட் தனியா வாங்கிக்கிறேன். இங்க அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கு, மாடிப்படி ஏறாதீங்கன்னா கேக்கமாட்டேங்குறாங்க, வடாம் காயுதாம். எனக்கு இப்ப தூர்வாருற சீசன், கும்பகோணம் பக்கம் ஒரு சைட்டு, வலங்கைமான் பக்கம் ஒரு சைட்டு, ரெண்டுக்கும் ஷெட்யூல் நான்தான். ஜூன் 12 மேட்டூர் தொறக்குற வழக்கமான தேதி, அதுக்குள்ள முடிச்சாகணும், தண்ணி வந்துட்டா பொக்லைன எங்க எறக்குறது? 2022ல மே 24ஆம் தேதியே தொறந்துட்டாங்க, அதனால இப்பல்லாம் ஜூன் 12ஐயும் முழுசா நம்புறதில்ல. எதுக்கு சொல்றேன்னா, நாலு நாள் லீவுன்னு ஒருத்தர் சொன்னா எனக்கும் வயித்த கலக்கும், உனக்கு மட்டும் இல்ல.

சரி விஷயத்துக்கு வர்றேன். ஷெட்யூல் போடுற எம்.எஸ். ப்ராஜெக்ட் சாஃப்ட்வேர்ல லீவையே ஒரு டாஸ்க்கா, அதாவது ஒரு வேலையா போட்டு, அந்த ஆள அதுக்கு அசைன் பண்ணி வச்சிருக்கேன்னு எழுதியிருந்தியே, அத மொதல்ல தூக்கு. எங்க ஆபீஸ்ல எனக்கு முன்னாடி இருந்தவரும் அப்படித்தான் வச்சிட்டுப் போயிருந்தார். அப்படி போட்டா என்ன ஆகும்னா, அந்த லீவு மணிநேரம் எல்லாம் ப்ராஜெக்ட்டோட மொத்த வேலையில சேந்துடும், அந்த ஆளுக்கு மணிக்கு இவ்ளோன்னு ரேட் போட்டிருந்தா காஸ்ட்டும் ஏறும், அதே தேதியில அவருக்கு நெஜ வேலையும் இருக்குறதால ஓவர் அலொகேஷன், அதாவது இருக்குற நேரத்துக்கு மேல வேலைன்னு செவப்புல காட்டும், ஆனா அந்த வேலை தானா ஒரு நாள் கூட தள்ளிப்போகாது, மோதுற வேலைய தள்ளி வைக்கிற லெவலிங்க நீ ஓட்டுனாத்தான் நகரும், ஓட்டுனா வேற ஏதாவதையும் சேத்து நகத்தி வைக்கும். லீவுங்குறது வேலை இல்லடி, அந்த ஆள் இல்லாத நேரம். அதுக்குன்னு எம்.எஸ். ப்ராஜெக்ட்ல எடம் இருக்கு, வேலைக்கு போடுற ஆள், மெஷின் எல்லாத்தையும் அது ரிசோர்ஸ்னு சொல்லும், ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா ரிசோர்ஸ் கேலண்டர் இருக்கு பாரு, அதுல.

வேலை நேரத்த மாத்துற சேஞ்ச் ஒர்க்கிங் டைம் விண்டோவ தொறந்தீன்னா மேல எந்த கேலண்டர்னு ஒரு லிஸ்ட் வரும். நெறைய பேர் கோட்டை விடுறது இந்த எடத்துலதான். அது ப்ராஜெக்ட் கேலண்டர்லயே நிக்கும், அத மாத்தாம ஒருத்தரோட லீவ போட்டா மொத்த டீமுக்கும் லீவு குடுத்த மாதிரி ஆயிடும், முடியிற தேதி அப்படியே தள்ளிப்போகும், ஏன்னே புரியாது. லிஸ்ட்ல அந்த ஆள் பேர எடுத்துட்டு கீழ எக்ஸப்ஷன்ஸ்னு, வழக்கத்துக்கு மாறான நாள் போடுற எடம் இருக்கும், அதுல தேதிய போடு. அரை நாள் லீவுன்னா நான்ஒர்க்கிங்னு விடாம அந்த எக்ஸப்ஷன் டீடெயில்ஸ்ல காலையில மட்டும் வேலை நேரம் குடு. பேர்னு ஒரு கட்டம் இருக்கும், அதுல லீவுன்னு மட்டும் எழுது, ஆஸ்பத்திரி, பொண்ணு பாக்க வர்றாங்க, அதெல்லாம் எழுதாத, ஃபைல் யார் கையிலெல்லாம் போகும்னு உனக்கே தெரியாது.

எல்லாம் போட்டும் தேதி அசையலன்னா டாஸ்க் மேனுவல் மோடுல, அதாவது தேதிய நாமளே கையால வைக்கிற மாதிரி இருக்கான்னு பாரு, பக்கத்துல குண்டூசி மாதிரி ஒரு ஐகான் இருக்கும். 2010 வெர்ஷன்லேர்ந்து புது டாஸ்க் போட்டாலே மேனுவலாத்தான் வருது, கேலண்டர்ல நீ என்ன போட்டாலும் அது கண்டுக்காது.

இப்ப முக்கியமானது. ஒரே டாஸ்க்ல ரெண்டு பேர் இருந்தா என்ன ஆகும்னு கேட்டிருந்த. ஆளுக்கு 10 நாள் வேலை, ரெண்டு பேரும் முழு நேரம், ஒருத்தி நடுவுல 3 நாள் லீவுன்னு வை. மத்தவ 10ஆம் நாள் முடிச்சிடுவா, லீவு போனவ 13ஆம் நாள் முடிப்பா, டாஸ்க் 13 நாள்னு காட்டும். அவ பங்க இவ எடுத்துப்பாளான்னு சாஃப்ட்வேர் யோசிக்காது, அத நீதான் பேசி மணிநேரத்த கையால மாத்தணும். இதோட கூத்து எங்க சைட்ல இருக்கு. பொக்லைனும் ஒரு ரிசோர்ஸ், ஆப்பரேட்டரும் ஒரு ரிசோர்ஸ். ஆப்பரேட்டர் தங்கச்சி கல்யாணம்னு 3 நாள் போயிட்டார், அவர் கேலண்டர்ல மட்டும் போட்டா, பொக்லைன் அந்த 3 நாளும் ஆள் இல்லாமலே வாய்க்கால வெட்டிட்டு இருக்கும் ஷெட்யூல்ல! ஒவ்வொரு ரிசோர்ஸையும் அது தனித்தனியாத்தான் கணக்கு பண்ணும். அதனால நான் வண்டி கேலண்டர்லயும் அதே தேதிய போட்டுடுவேன். உங்க ஆபீஸ்லயும் ரெண்டு பேர் சேந்து உக்காந்தாத்தான் நடக்குற வேலை இருக்கும்ல, டெஸ்டிங்ல இருக்குறவளும் கிளையன்ட் பக்கத்து ஆளும்னு, அங்க இத கவனி.

அப்புறம் உள்ளூர் விடுமுறை. கும்பகோணம் தஞ்சாவூர் மாவட்டம், பக்கத்துல இருக்குற வலங்கைமான் திருவாரூர் மாவட்டம். ராஜராஜ சோழன் சதய விழாவுக்கு தஞ்சாவூர் கலெக்டர் லீவு விட்டா வலங்கைமான்ல ஆபீஸ் நடக்கும், ஆழித்தேருக்கு திருவாரூர்ல லீவுன்னா கும்பகோணத்துல நடக்கும், அதுக்கு ஈடா ஒரு சனிக்கிழமை வேலை நாளாவும் அறிவிப்பாங்க. சைட்ல ஆள் வேலை பாப்பாங்க, ஆனா அரசாங்க இன்ஜினியர் வரலன்னா அளவு எடுக்க முடியாது, அளவு எடுக்காம பில் போட முடியாது. இதுக்காகவே மாவட்டத்துக்கு ஒரு பேஸ் கேலண்டர், அதாவது பல பேருக்கு பொதுவான கேலண்டர் வச்சிட்டேன், அந்த இன்ஜினியர் பேருக்கு அவர் மாவட்டத்து கேலண்டர மாட்டிவிட்டா போதும், அந்த சனிக்கிழமையையும் எக்ஸப்ஷன்லயே வேலை நேரம் குடுத்து போட்டுக்கலாம். உன் டீம்ல பாதி பேர் பெங்களூர், பாதி சென்னைன்னு சொன்னியே, ஊருக்கு ஒன்னு வச்சிக்கோ. பொங்கலுக்கு நீங்க நாலு நாள் காணாம போறது அவங்களுக்கு ஞாபகம் இருக்காது.

முடிக்க வேண்டிய தேதிய மஸ்ட் ஃபினிஷ் ஆன்னு கட்டிப்போடாத, டெட்லைன்னு ஒரு கட்டம் இருக்கு அதுல போடு. அது எதையும் நகத்தாது, தாண்டுனா செவப்புல ஒரு குறி மட்டும் காட்டும். ஒருத்தி வந்து லீவு கேட்டா நான் உடனே சரின்னும் சொல்றதில்ல மாட்டேன்னும் சொல்றதில்ல, கேலண்டர்ல போட்டுப் பாப்பேன், செவப்பு வரலன்னா போய்ட்டு வாம்மான்னுடுவேன். வந்துச்சுன்னா அவளையே கூட உக்காரவச்சு காட்டுவேன், பாதி நேரம் அவளே தேதிய மாத்திக்கிறா.

சாவு, காய்ச்சல் இதெல்லாம் முன்கூட்டி போட முடியாதுடி. அதுக்கு கடைசில கொஞ்சம் நாள் சும்மா விட்டு வை, மேனேஜர் அத வெட்டச் சொல்வார், வெட்டாத. போன வாரம் நடக்காம நின்ன வேலைய அப்டேட் ப்ராஜெக்ட்ல இன்ன தேதிக்கப்புறம்னு தள்ளிவிட்டுக்கலாம், இத திங்கக்கெழம காலையில ஒரு தடவ பாத்தா போதும். உங்க எச்.ஆர். ஆப்ல போடுற லீவு தானா இங்க வந்துடும்னு மட்டும் நெனைக்காத, யாராவது இணைச்சு வச்சிருந்தாலொழிய வராது.

ஐப்பசில துலா ஸ்நானத்துக்கு அம்மாவ மாயவரம் கூட்டிட்டுப் போறேன், நீயும் வர்றியா? வர்றதா இருந்தா உன் கேலண்டர்ல இப்பவே போடு. அந்த ஃபைல அனுப்பி வை, ஞாயித்துக்கெழம உக்காந்து பாக்குறேன், போன்ல சொன்னா உனக்கு ஏறாது.

இப்படிக்கு
உன் பக்கத்து பெஞ்சு