புகார்: ஈப்போ ஆர்டர், ரோட்ஸ்டர் 1.8 பிரேக் செட் (மூன்றாம் கடிதம்)

நாள்: 21.7.2025
பெறுநர்: நிர்வாகி, உதிரிபாக விற்பனைப் பிரிவு, கிள்ளான்
பொருள்: தவறான முன் டிஸ்க்குகள் இரண்டு முறை அனுப்பியது, திருப்பி வாங்க மறுத்தது, ஆபத்தான யோசனை சொன்னது

மதிப்பிற்குரிய நிர்வாகியார் அவர்களுக்கு,

வணக்கம். இதே விஷயமாக முன்பு இரண்டு கடிதங்களை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினேன். நீலக் குறி விழுந்தது, பதில் மட்டும் வரவில்லை. அதனால் இதைத் தாளில் எழுதிப் பதிவு அஞ்சலில் அனுப்புகிறேன். தயவுசெய்து கவுண்டரில் கொடுத்துவிடாமல் நீங்களே படியுங்கள்.

ஜூன் 2-ஆம் தேதி 1,180 வெள்ளி (ரிங்கிட்) கட்டி நான் வாங்கியது, உங்கள் ரசீதில் உள்ளபடியே, ‘யூனோஸ் ரோட்ஸ்டர் 1.6-க்கு 1.8 பிரேக் மாற்று, முழு செட்’. அதாவது 1.6 லிட்டர் எஞ்சின் உள்ள என் மாஸ்டா ரோட்ஸ்டர் காருக்கு, 1.8 லிட்டர் வகையின் பெரிய பிரேக். நான்கு டிஸ்க் (சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு), நான்கு பிராக்கெட் (பேட்டைத் தாங்கும் சட்டம்), முன்னும் பின்னும் பேட் (டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் கட்டை), ஒரு லிட்டர் பிரேக் எண்ணெய். இன்று ஜூலை 21. முன் டிஸ்க் இரண்டும் இன்னும் வரவில்லை. அதாவது சரியானவை வரவில்லை; தவறானவை தாராளமாக வந்துவிட்டன.

ஜூலை 10 வியாழக்கிழமையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அதை நினைத்தாலே இன்னும் வயிறு எரிகிறது. அதற்கு முந்திய நாள் போன் செய்தபோது, “டிஸ்க்க கொண்டாங்க பாஸ், வாங்கிக்கிறோம்” என்றீர்கள். ஈப்போவிலிருந்து கிள்ளானுக்கு ஒருவழியே இருநூறு கிலோமீட்டருக்கு மேல். லீவு போட்டு, மச்சானின் மைவி காரில், தவறாக வந்த இரண்டு டிஸ்க்குகளைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு வந்தால், கவுண்டரில் இருந்த அந்தத் தம்பி டிஸ்க்கைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இது போட்ட சாமான்லா, தடம் இருக்கு, எடுக்க முடியாது” என்கிறார். போட்டுப் பார்க்கச் சொன்னது யார்? ஜூன் 20 அன்று, இது 270 மில்லிமீட்டர் டிஸ்க், எனக்கு வேண்டிய 255 அல்ல என்று படத்தோடு அனுப்பியதும், “போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க, சில வண்டிக்கு ஏறும்” என்று எழுதியது உங்கள் எண்ணிலிருந்துதான். அந்தச் செய்தியைக் காட்டினேன். “அது வேற ஆள் எழுதினது” என்றார். நீ, வா, போ என்று பேச்சு மாறியதும் அப்போதுதான். என் மகன் வயது இருக்கும். பரவாயில்லை, அதை நான் பொருட்படுத்தவில்லை. (பொருட்படுத்துகிறேன் என்பது இந்தக் கடிதத்தின் நீளத்திலேயே தெரியும்.)

சில வண்டிக்கு ஏறும் என்பது என்ன பேச்சு? உங்கள் சரக்கைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா? தெரியும் என்று நம்பித்தான் பணம் கட்டினேன். முதல் 1.6 ரோட்ஸ்டரின் முன் டிஸ்க் 235 மில்லிமீட்டர், பின் டிஸ்க் 231. 1993-இல் 1.8 எஞ்சின் வந்தபோது மாஸ்டா அதை முன்னால் 255, பின்னால் 251 என்று பெரிதாக்கியது. காலிப்பர், அதாவது பேட்டை அழுத்தும் பிடி, அதேதான். மாறியவை பிராக்கெட், டிஸ்க், பேட் ஆகிய மூன்றுமே. அதனால்தான் இந்த மாற்றம் இத்தனை பிரபலம்: பிரேக் எண்ணெய் வரும் ஹோஸைக் கழற்ற வேண்டாம், காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு (ஹோஸில் தொங்கவிடக் கூடாது), பிராக்கெட்டை மாற்றி, பின்னாலுள்ள தகரக் கவசத்தின் விளிம்பைப் பெரிய டிஸ்க்கில் உரசாதபடி மடக்கிவிட்டால், வீட்டு போர்ச்சிலேயே ஒரே நாளில் முடியும் வேலை. 14 அங்குல ரிம்மும் அப்படியே ஏறும். பின்னால் வந்த ஸ்போர்ட் வகை ரோட்ஸ்டரின் 270 டிஸ்க் வேறு கதை. அதற்கு பிராக்கெட்டே வேறு, ரிம்மும் 15 வேண்டும்.

நீங்கள் ஜூன் 9 அன்று முதலில் அனுப்பியது 235. என் பழைய அளவே! பிராக்கெட் மட்டும் 1.8-க்கு உரியது. இதில் உள்ள விபரீதம் என்னவென்றால், அது அழகாகப் பொருந்திவிடும். நட்டுத் துளைகள் நான்கும் அதே 100 மில்லிமீட்டர் வட்டம், ஹப்பில் சப்பென்று உட்காரும், பிரேக்கும் பிடிக்கும். அளந்து பார்க்காதவர் அப்படியே சக்கரத்தை மாட்டி ஓட்டிக்கொண்டு போய்விடுவார். 255-க்காகச் செய்த பிராக்கெட் பேட்டை வெளியே தள்ளிப் பிடிக்கிறது. டிஸ்க்கோ விட்டத்தில் 20 குறைவு. ஆகவே பேட்டின் மேல் விளிம்பில் 10 மில்லிமீட்டர் அந்தரத்தில் நிற்கும். தேயத் தேய அந்த 10 மட்டும் தேயாமல் உதடு போல் நீட்டிக்கொள்ளும். பேட் மெலிந்த பிறகு இரண்டு பக்க உதடும் டிஸ்க்குக்கு வெளியே ஒன்றை ஒன்று முட்டும். அப்போது மிதித்தால் பேட் பேட்டையே அழுத்தும், டிஸ்க்கை அல்ல. இதை அந்தத் தம்பியிடம் சொன்னபோது கிடைத்த பதில்: “ஒட்டிக்கிட்டு இருக்கறத ஃபைல் போட்டு தேய்ச்சிருங்க.”

சரி, இனி இது நடக்காமல் இருக்க ஒரு வழி சொல்கிறேன், இலவசமாக. அளவுகோல்கூட வேண்டாம். டிஸ்க்கின் மீதே குறைந்தபட்சத் தடிமன் குத்தியிருக்கும். 16 என்று இருந்தால் அது 1.6-இன் முன் டிஸ்க் (புதிதில் 18 தடிமன்). 18 என்று இருந்தால் 1.8-இன் டிஸ்க் (புதிதில் 20). பெட்டியை ஒட்டுவதற்கு முன் அந்த ஓர் எண்ணைப் படித்திருந்தால் எனக்கு ஜூன் 9 முதல் இன்று வரை 42 நாள் மிச்சமாகியிருக்கும்.

அடுத்து வந்தது 270. ஆரத்தில் 7.5 மில்லிமீட்டர் அதிகம். பிராக்கெட்டின் வளைவில் முட்டி நிற்கிறது, போல்ட் துளைக்கு வரவே இல்லை. தடம் என்று உங்கள் ஆள் காட்டியது அந்த முட்டலின் கீறல்தான். ஒரு கிலோமீட்டர் ஓடிய டிஸ்க்காக இருந்தால் பேட் தேய்த்த வட்டம் முழுச் சுற்றும் தெரியும். இதில் ஒரே இடத்தில் ஒரு அங்குலக் கீறல். பிரேக் சாமான் விற்கும் கடையில் இந்த வித்தியாசத்தை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்கும் மேல், “ரிம்ம 15 ஆக்கிருங்க, 270 பிராக்கெட்டும் போட்ருங்க, நம்மகிட்டயே இருக்கு, 1,600 வெள்ளி” என்று வியாபாரம் வேறு. நீங்கள் தவறாக அனுப்பிய டிஸ்க்குக்குப் பொருந்துமாறு நான் காரை மாற்ற வேண்டுமா?

இடையில் ஜூன் 28 சனிக்கிழமையும் வந்தேன். அந்த 235-களைத் திருப்பிக் கொடுத்தேன் (அதற்கு எழுத்து ரசீது தரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்). 255 கேட்டதற்கு, “அடுத்த கப்பல்ல வரும்” என்றார்கள். அன்றுதான் அந்தத் தம்பி சொன்னது: “பின்னாடி சாமான் சரியாத்தானே இருக்கு? பின்னாடி போட்டுட்டு ஓட்டிக்கிட்டு இருங்க, முன்னாடி வரும்போது வரட்டும்.”

நிர்வாகி அவர்களே, மற்ற எல்லாவற்றையும் மன்னித்தாலும் இதை மன்னிக்க முடியாது. பின் டிஸ்க்கை மட்டும் பெரிதாக்கினால் அதே மிதியில் பின் சக்கரத்துக்குப் பிடி கூடும். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாயும், பின் சக்கரம் இலேசாகும். அந்த நேரத்தில் பின் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டால் கார் நேராக நிற்காது, சுழலும். 950 கிலோவை ஒட்டிய எடை, 2,265 மில்லிமீட்டர் வீல்பேஸ், ஏபிஎஸ் (சக்கரம் பூட்டாமல் தடுக்கும் அமைப்பு) கிடையாது, நம் ஊர் நான்கு மணி மழை. இதில் பின்னால் மட்டும் போட்டு ஓட்டு என்கிறார் உங்கள் ஆள். செட்டாக விற்பதற்கே காரணம் முன்-பின் விகிதம் கெடக் கூடாது என்பதுதானே?

பழைய முன் டிஸ்க்கையே போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். கேட்டீர்கள். அது தேய்ந்து 15.6 மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்துவிட்டது. 16-க்குக் கீழே. மாற்ற நினைத்ததே அதனால்தான்.

பின் பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின் காலிப்பர் பிஸ்டன் உள்ளே போகவில்லை என்று வேறொரு வாடிக்கையாளர் கேட்க, “ஜி-கிளாம்ப் வச்சு அழுத்து, போகும்” என்று அதே தம்பி போனில் சொல்வதை என் காதால் கேட்டேன். போகாது ஐயா. அந்தக் காலிப்பரில் ஹேண்ட்பிரேக்குக்கான திருகு உள்ளேயே இருக்கிறது. கிளாம்ப் போட்டு நெரித்தால் திருகின் மரை சிதையும், பிறகு ஹேண்ட்பிரேக் எவ்வளவு இழுத்தாலும் நிற்காது. காலிப்பரின் முதுகில் 14 மில்லிமீட்டர் தலையுள்ள மூடி போல்ட் ஒன்று உண்டு. அதைக் கழற்றி, உள்ளே 4 மில்லிமீட்டர் அலன் கீ விட்டு இடப்புறமாகச் சுற்றினால் பிஸ்டன் தானாக உள்ளே போகும். பேட் மாட்டிய பின் வலப்புறம் சுற்றி, டிஸ்க் இறுகிய இடத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு சுற்று திருப்பிவிட வேண்டும். பின் பிராக்கெட் போல்ட் 49 முதல் 69 நியூட்டன் மீட்டர், சக்கர நட்டு 88 முதல் 118. இவ்வளவுதான். இதை ஒரு தாளில் அச்சடித்து ஒவ்வொரு செட்டிலும் போட்டால் உங்களுக்கு எத்தனை காசு செலவாகும்?

பிரேக் எண்ணெய் பாட்டில் முதல் பார்சலிலேயே முத்திரை உடைந்து வந்தது. சாதாரண டாட் 4 ரக பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிதாக இருக்கும்போது 230 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்க வேண்டியது, ஈரம் ஏறினால் 155 வரை இறங்கலாம். நம் ஊர் ஈரத்தில் திறந்து கிடந்த பாட்டிலை நான் தொடமாட்டேன். அதற்கு மாற்றாக 28-ஆம் தேதி கொடுத்தது என்ன? கத்தரிப்பூ நிறத்தில் டாட் 5! “நாலவிட அஞ்சு பெருசுதானே பாஸ், நல்ல சாமான்” என்று சிரிப்பு வேறு. டாட் 5 என்பது சிலிக்கான். டாட் 4-உடன் கலக்காது. லைனுக்குள் புகுந்த தண்ணீரையும் ஏற்காது. அந்தத் தண்ணீர் காலிப்பரின் அடியில் தேங்கித் துருவை உண்டாக்கும், சூட்டில் ஆவியாகி மிதி தரை வரை போகும். எண் பெரிது என்று எண்ணெய் விற்கிறவர்களிடம்தான் நான் பிரேக் வாங்கியிருக்கிறேன்.

நட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். செட் 1,180. இரண்டு பயணத்துக்கு டோலும் பெட்ரோலும் 260. ஒரு நாள் லீவு 300. கார் 42 நாளாக போர்ச்சில் ஸ்டாண்டு மேல் நிற்கிறது; நாளுக்கு நூறு வெள்ளி என்று குறைவாகவே போட்டாலும் 4,200. வெயிலில் நின்று நின்று கூரையின் பிளாஸ்டிக் ஜன்னல் மஞ்சளாகிவிட்டது, அதற்கு 450. (அது முன்பே கொஞ்சம் மஞ்சள்தான். ஆனால் இவ்வளவு இல்லை.) ஆக 6,390 வெள்ளி. மன உளைச்சலுக்கு நான் விலை போடவில்லை. போட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தின் 50,000 வெள்ளி வரம்பே போதாது.

அந்த மன்றத்தை மிரட்டலுக்காகச் சொல்லவில்லை. 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஐந்து வெள்ளி கட்டினால் மனு ஏற்பார்கள், வழக்கறிஞரும் வேண்டாம். ரசீது, தடிமன் எண் தெரியும் படங்கள், ‘போட்டுப் பாத்துட்டு சொல்லுங்க’ என்ற செய்தி எல்லாம் அச்செடுத்து வைத்துவிட்டேன். மனுப் படிவம் நிரப்பியாகிவிட்டது, கையெழுத்து மட்டும் பாக்கி.

ஆனால் எனக்கு வேண்டியது வழக்கு அல்ல, டிஸ்க். உங்கள் கடையில் முன்பு வாங்கிய கிளட்ச் கேபிளோ ரேடியேட்டர் ஹோஸோ பற்றி எந்த நண்பரும் குறை சொன்னதில்லை. அவர்கள் சொல்லித்தான் வந்தேன். ஆகஸ்ட் 1 வெள்ளிக்கிழமைக்குள் 255 மில்லிமீட்டர், 20 தடிமன், 18 என்று குத்திய முன் டிஸ்க் இரண்டும், முத்திரை உடையாத டாட் 4 ஒரு லிட்டரும் ஈப்போவுக்கு வந்து சேர வேண்டும், அனுப்பும் செலவு உங்களுடையது. 270-களை உங்கள் ஆளே வந்து எடுத்துக்கொள்ளட்டும்; நான் இனிமேல் கிள்ளானுக்கு வருவதாக இல்லை. இவை வந்துவிட்டால் ஜன்னலையும் அந்த நாளுக்கு நூறு வெள்ளியையும் மறந்துவிடத் தயார். 260 டோல், பெட்ரோல் பணத்தை மறக்கமாட்டேன். வராவிட்டால் ஆகஸ்ட் 4 திங்கள் காலை மனு மன்றத்தில் இருக்கும், முழுத் தொகையோடு.

இப்படிக்கு,
ரசீதில் பெயருள்ள வாடிக்கையாளர்,
ஈப்போ

பி.கு.: எண்ணெய் பாட்டிலை டிஸ்க்கோடு ஒரே பெட்டியில் போடாதீர்கள். போன முறை ஒழுகியது பெட்டியை நனைத்து, பெட்டியை வைத்திருந்த முன் மட்கார்டின் பெயின்ட்டை உள்ளங்கை அளவுக்கு உரித்துவிட்டது. அதை மேலே உள்ள கணக்கில் இன்னும் சேர்க்கவில்லை.